எஸ் என்றால் தெற்குப்பட்டி

எங்கள் வீட்டுப் பெயர் சட்டன். ஆங்கிலப் பெயர். எங்கள் யாருடைய முகத்திலும் அதற்கான அடையாளம் கிடையாது. அப்பா நல்ல கறுப்பு, அம்மா அவரைவிடக் கொஞ்சம் கூடுதல், நான் இருவருக்கும் நடுவில் எங்கோ. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் இது யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது. மிஷன் பள்ளிக்கூடத்தைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இப்படி ஒரு வெள்ளைக்காரப் பெயர் வால் மாதிரி தொங்கும். அப்பாவின் தாத்தாவைச் சிறுவயதில் மிஷன் போர்டிங்கில் சேர்த்தபோது, அவருடைய சாப்பாட்டுச் செலவை இங்கிலாந்தில் யாரோ ஒருவர் ஏற்றுக்கொண்டாராம். அப்படி ஏற்றுக்கொண்டவரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிடுவது அந்தக் காலத்து வழக்கம். அவ்வளவுதான் கதை. ஆனால் பெரியப்பா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அந்த ஆளின் அந்தஸ்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே வந்தார். நான் பள்ளிப்படிப்பை முடிப்பதற்குள் அவர் பிரபுவாகி, கோட்டையும் குதிரைகளும் வாங்கியிருந்தார்.

டெல்லியில்தான் அந்தப் பெயர் எங்களைப் படாதபாடு படுத்தியது. நான் பிறந்ததே அங்கேதான். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் சட்னி. ஹிந்தி வாத்தியாருக்கு சட்டன்-பட்டன். எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் அம்மா, "பேருக்கு ஏத்த மாதிரி இவளுக்குச் சட்டுன்னு ஏறிரும்" என்பாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒருநாள் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே பக்கத்தில் நின்ற அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். பெயர் கேட்டார், முழுப் பெயரையும் சொன்னேன். "அடடே, தமிழ் நன்னாப் பேசறயே, எங்க கத்துண்டே?" என்றார். வந்த எரிச்சலில் முருங்கைக்காயை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குச் சாம்பாரில் வெறும் உருளைக்கிழங்குதான்.

அப்பா என்னைப் போல முட்டிமோதுகிற ஆள் இல்லை. மத்திய அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே, பின்னால் வர வேண்டிய பெயரை இனிஷியலாக்கி முன்னால் தள்ளிவிட்டார். அவர் பெயருக்கு முன்னால் ஒரு எஸ் மட்டும் நின்றது. அலுவலகத்துத் தமிழர்கள் அதை சுப்பிரமணியம் என்றோ சுந்தரம் என்றோ அவரவர் விருப்பப்படி நினைத்துக்கொண்டார்கள். அப்பா யாரையும் திருத்தவில்லை. யாராவது நேராகக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். யாரும் கேட்கவில்லை. ஒரு எஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கியபடியே சர்வீஸை முடித்துவிட்டார்.

அவர் ஓய்வு பெற்றது எண்பதுகளின் தொடக்கத்தில். ஏஷியாட் விளையாட்டுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்த சமயம். நாங்கள் ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஓய்வுக்குப் பிறகு அங்கே சில மாதங்கள்தான் விட்டுவைப்பார்கள். அதற்குள் வாடகைக்கு வீடு கிடைத்தால் டெல்லி, கிடைக்காவிட்டால் திருநெல்வேலிக்கு ரயில். எனக்கு அப்போதுதான் கன்னாட் பிளேஸ் பக்கம் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. என்னை மட்டும் ஹாஸ்டலில் விட்டுப்போக அப்பா சம்மதிக்க மாட்டார். வீடு இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. ஊருக்குப் போய், பெரியப்பா கைகாட்டுகிற யாருக்காவது கழுத்தை நீட்ட வேண்டியதுதான். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய்க்குமேல் இறங்காது.

அப்பாவுக்கு வேறு விதமான அவஸ்தை. காலையில் எழுந்து, போக அலுவலகம் இல்லாவிட்டாலும் சட்டையை இஸ்திரி போடுவார். போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். அவர் ஓரிடத்தில் ஒழுங்காக உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. பேப்பரைக்கூட நின்றுகொண்டே படித்தார். காலையில், "பேசாம ஊருக்குப் போயிருவோம்" என்பார். சாயங்காலம், "ஊர்ல எனக்கு யாரு இருக்கா? போய் எவன் மூஞ்சியப் பாக்க?" என்பார். அம்மா அரிவாள்மனையிலிருந்து நிமிராமலே, "மொதல்ல செருப்பக் கழத்துங்க. தரையெல்லாம் தேயுது" என்பாள்.

வீடு தேடுவது என்பது ஞாயிற்றுக்கிழமைகளை பஸ்ஸில் தொலைப்பது. கரோல் பாகில் ஒரு தரகர் பிடித்தோம். அவர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும், "மதராஸி லோக் ஹைங், பஹுத் சீதே" என்று எங்களை அறிமுகம் செய்வார். சாதுவான மதராஸிகள் என்றதும் வீட்டுக்காரர்களின் முகம் மலரும். இட்லி தோசைப் பேச்சு வரும். பிறகு பெயர் கேட்பார்கள். அப்பா சொல்வார். எஸ் என்றால் என்ன என்பார்கள். அங்கேதான் வண்டி குடை சாயும். ஒருவர், ஆங்கிலோ இந்தியர்கள் வீட்டில் டான்ஸ் ஆடுவார்களே, மேல்தளம் தாங்காது என்றார். இன்னொருவர், வெளிநாட்டுக்காரர்களை வைத்தால் போலீஸ் ஸ்டேஷனில் பதிய வேண்டுமே என்று கவலைப்பட்டார். அவர் வாசலில் வேட்டி கட்டிக்கொண்டு என் அப்பா நிற்கிறார். ஒரு தமிழ்க்காரரே வீடு வைத்திருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தார், காப்பி கொடுத்தார், சொந்தக்காரர்கள் வருவதாக இருக்கிறது என்றார்.

"எஸ்னா சுந்தரம்னு சொல்லித் தொலைச்சா என்னப்பா?" என்று ஒருநாள் பஸ்ஸில் கேட்டேன். வெயில் தலையைப் பிளந்துகொண்டிருந்தது.

"பொய் சொல்லி ஒரு வீட்டுக்குள்ள போனா எனக்கு அங்க தூக்கம் வராதும்மா."

"இப்ப மட்டும் தூங்குதீங்களாக்கும்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோண்டிப் போட்ட மண்ணைப் பார்த்தபடியே வீடு வந்து சேர்ந்தார்.

என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு நூலகம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய்விடுவேன். படிக்க அல்ல, அலுவலக நாற்காலியில் உட்காரப் பிடிக்காமல். அப்படித்தான் ஒரு மத்தியானம், இங்கிலாந்து ஊர்ப்பெயர்களுக்கு அர்த்தம் சொல்கிற தடிமனான அகராதி கையில் மாட்டியது. சட்டன் என்று ஓர் ஊர் இருக்கும், அங்கே பெரியப்பாவின் கோட்டையும் இருக்கும், ஊர் இன்ன இடத்தில் என்று தெரிந்தால் பெரியப்பா வாயை அடைக்கலாம் என்று பக்கத்தைப் புரட்டினேன். ஒரு ஊர் இல்லை. வரிசையாகச் சட்டன்கள். அந்த நாட்டில் எந்த ஜில்லாவைத் தொட்டாலும் ஒரு சட்டன் கிடைக்கும்போல. எங்கள் ஆள் எந்தச் சட்டனிலிருந்து வந்தவர் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அர்த்தம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பழைய ஆங்கிலத்தில் முதல் பாதிக்குத் தெற்கு என்று பொருள். இரண்டாம் பாதியான 'டூன்' முதலில் வேலி. பிறகு வேலி அடைத்த இடம். அப்புறம் பண்ணை, கடைசியில் ஊர். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பட்டியும் அப்படித்தானே? ஆடுமாடு அடைக்கிற இடம்தான் பட்டி, அதுவே பிறகு ஊராகிவிட்டது. ஆகமொத்தம் சட்டன் என்றால் தெற்குப்பட்டி. பிரபுவும் கிடையாது, கோட்டையும் கிடையாது. எங்கள் தாலுகாவிலேயே தேடினால் நாலு தெற்குப்பட்டி அகப்படும்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது. எந்த ஊர்க்காரனும் தன் ஊருக்குத் தானே தெற்குப்பட்டி என்று பெயர் வைத்துக்கொள்ள மாட்டான். அவன் நிற்கிற இடம் அவனுக்கு நடு. அதைத் தெற்கு என்று சொன்னவன் வடக்கே நின்றிருக்க வேண்டும். பெரிய ஊரில் நின்று விரலை நீட்டி, "அதோ, அந்தத் தெக்கத்திப் பட்டி" என்று சொல்லியிருக்க வேண்டும். எங்களை மதராஸி என்று டெல்லி சொல்கிறதே, அதே விரல்தான். கோபம் வந்தது. யார்மீது என்று தெரியவில்லை. அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்து, அதற்கு வேறு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அன்று ராத்திரி இதை வீட்டில் சொன்னேன். அம்மா, "இதுக்கா இத்தன வருசம் பெரியத்தான் மீசைய முறுக்குனாவ?" என்று சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. நடப்பதை நிறுத்தினார்.

"நெசமாத்தானா? புஸ்தகத்துல போட்டுருக்கா?"

"அச்சடிச்சுப் போட்டுருக்கு."

"அப்ப எஸ்ஸுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா, தெற்குப்பட்டின்னு சொன்னா அது பொய் இல்லல்லா?"

நம் பக்கத்தில் ஊர்ப்பெயரை இனிஷியலாகப் போடுவது எல்லாருக்கும் தெரிந்தது. மதராஸிகள் பெயருக்கு முன்னால் ஊரைச் சுமந்துகொண்டு அலைவார்கள் என்று டெல்லிக்காரர்களுக்கும் தெரியும். அப்பா மறுபடி நடக்கத் தொடங்கினார். இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக. அவர் உதடுகள் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்ப்பதை நான் கவனித்தேன். எனக்கும் உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

அடுத்த ஞாயிறு ஜனக்புரி. மாடிப் பகுதி. சுத்தமான வீடு, பஸ் ஸ்டாப் பக்கம், சமையலறையில் வெளிச்சம். பார்த்த நிமிடமே எனக்கு இங்கேதான் இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதனாலேயே பயமும் அதிகமானது. வீட்டுக்கார அம்மாள் பஞ்சாபி. கணவர் இறந்துவிட்டார், தனியாகக் கீழே இருந்தார். முற்றத்து வெயிலில் கட்டில் போட்டு உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தபோதும் ஊசிகள் நிற்கவில்லை.

அப்பா தன் ப்ரீஃப்கேஸை மடியில் வைத்துக்கொண்டு மூடா என்கிற பிரம்பு இருக்கையில் உட்கார்ந்தார். ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் கொடுத்த பரிசு அது. உள்ளே ஒன்றும் கிடையாது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் எல்லா இடத்துக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பெயர் கேட்டார் அந்த அம்மாள். அப்பா சொன்னார். எஸ் என்றால் என்ன என்று கேட்டார்.

"தெற்குப்பட்டி" என்றார் அப்பா. "காவ் கா நாம் ஹை, பஹன்ஜி." ஊரின் பெயராம்.

அந்த அம்மாள் ஊசியை நிறுத்தினார். "தெர்... தெர்குபட்டி" என்று சொல்லிப் பார்த்தார். அப்புறம் ஊசி முனையால் அப்பாவின் மடியைக் காட்டினார். ப்ரீஃப்கேஸ் மூடியில் பொன்னிற எழுத்தில் அப்பாவின் பெயர், முன்னால் பெரிதாக எஸ்.

"அது டி-யில் அல்லவா தொடங்கும், பாய் ஸாஹப்? இந்த எஸ் எங்கேயிருந்து வந்தது? எனக்கு எட்டாவது வரை இங்கிலீஷ் உண்டு."

இந்த இடத்தை நாங்கள் மூன்று பேரும் யோசித்திருக்கவில்லை. அர்த்தத்தை மாற்றினால் எழுத்தும் மாறும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெயரை மொழிபெயர்த்து, இனிஷியலை மொழிபெயர்க்க மறந்துபோன குடும்பம் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். அப்பா மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து அந்த எழுத்தை மறைத்தார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"சட்டன், ஆண்ட்டிஜி" என்றேன். "ஆங்கிலப் பெயர். நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆங்கிலோ இந்தியர் இல்லை, டான்ஸ் ஆட மாட்டோம், போலீஸில் பதிய வேண்டாம். சட்டன் என்றாலும் தெற்குப்பட்டிதான் அர்த்தம். அப்பா பொய் சொல்லவில்லை." ஹிந்தியில் இதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். குரல் வேறு உடைந்துவிட்டது. கிடைக்காது என்று தீர்மானித்துவிட்டேன். திருநெல்வேலி ரயில் கண்ணுக்குத் தெரிந்தது.

"அப்படியானால் நேரே சொல்வதற்கென்ன?" என்று அந்த அம்மாள் அப்பாவைக் கேட்டார்.

அப்பாவின் ஹிந்தி எப்போதும் தட்டுத்தடுமாறும். "சச் போலா தோ... மகான் நஹீன் மில்தா, பஹன்ஜி" என்றார். உண்மையைச் சொன்னால் வீடு கிடைப்பதில்லை. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மாள் ஏதோ பின்னல் தவறியதுபோல ஸ்வெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்க்காமலே பேசினார். அவர் லாயல்பூர்க்காரர். பிரிவினையில் வந்தவர். அந்த ஊரே ஒரு வெள்ளைக்காரன் பெயரால் வந்ததாம். இப்போது பாகிஸ்தானில் அந்தப் பெயரையும் எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்துவிட்டார்களாம். "நான் எந்த ஊரில் பிறந்தேன் என்று இனி எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். "இந்தத் தெருவில் எல்லாருக்கும் நான் லாயல்பூர்வாலி. கறிகாய்க்காரன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறான். அங்கே இருந்தவரை ஒருத்தரும் என்னை லாயல்பூர்வாலி என்று கூப்பிட்டதில்லை. எதற்குக் கூப்பிட வேண்டும்? அங்கே எல்லாரும் லாயல்பூர்தானே."

எனக்குச் சுரீரென்றது. அந்த அகராதியில் நான் படிக்காமல் விட்ட பாதியை இவர் சொல்லிவிட்டார். சட்டனில் இருந்தவரை எவனும் சட்டன் இல்லை. கிளம்பி வேறு ஊருக்குப் போன பிறகுதான் அந்த ஊர்ப்பெயர் அவன் முதுகில் ஒட்டியிருக்கும். இங்கிலாந்தில் எவனோ ஒருவன் வெளியேறியதற்கு ஒட்டிய பெயரை, அப்பாவின் தாத்தா ஒருவேளைச் சோற்றுக்கு வாங்கிக்கொண்டு, அதை நாங்கள் டெல்லி வரை தூக்கி வந்திருக்கிறோம்.

"மீன், கறி எல்லாம் சமைப்பீர்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"சமைப்போம்" என்றேன். இனி எதை மறைத்து என்ன.

"ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமையுங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம்."

அதுதான் சம்மதம் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மா என் காதருகில் குனிந்து, "கருவாடு சுடலாமான்னு கேளு" என்றாள். "அம்மாவுக்கு வீடு ரொம்பப் பிடித்திருக்கிறதாம்" என்று நான் ஹிந்தியில் சொன்னேன். அம்மா என் இடுப்பில் கிள்ளினாள்.

குடிபோன பிறகு அந்தத் தெருவில் எங்கள் பெயரை யாரும் கேட்கவில்லை. நாங்கள் மதராஸி வீடு. அப்பா மதராஸி ஸாஹப். தபால்காரன்கூட அப்படித்தான் கூப்பிட்டுத் தபாலை எறிந்தான். நான் பஸ் பிடித்து வேலைக்குப் போனேன், வந்தேன். பிழைத்தோம் என்று இருந்தது. அப்பாவின் நடை மட்டும் நிற்கவில்லை. மாடிப்படி ஏறுவார், இறங்குவார், பால் டிப்போ வரை போய் சும்மா திரும்பி வருவார். வீடு கிடைத்தால் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன்.

அடுத்த கோடையில் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு அப்பா மட்டும் ஊருக்குப் போய் வந்தார். திரும்பி வந்த அன்று அம்மா சோறு போட்டாள். அவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து, "ஏங்க, கல்யாண வீட்டுல சோறு போடலியா?" என்று கேட்டாள்.

அப்பா சிரித்தார். "தெருவுல கால வச்சதும் 'டெல்லிக்காரர் வந்துருக்காவ, டெல்லிக்காரர் வந்துருக்காவ'ன்னு ஒரே சத்தம். என் பேர ஒருத்தனும் சொல்லல. பந்தியில உக்காந்தா அண்ணன் அங்க இருந்து கத்துதாரு, 'டெல்லிக்காரருக்குச் சோறு ஒத்துக்கிடாது, சப்பாத்தி போடுங்க'ன்னு. எனக்குன்னு தனியாச் சுட்டு வச்சிருக்காவ. எல்லாரும் எலையில சோத்தப் பெசஞ்சு சாப்பிடுதாவ. நான் சப்பாத்தியப் பிச்சுக்கிட்டு இருக்கேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு குழம்பை ஊற்றிக்கொள்ள மறந்து வெறும் சோற்றை இரண்டு வாய் சாப்பிட்டார். அம்மா குழம்பை ஊற்றினாள்.

கை கழுவிவிட்டு வந்தவர், வழக்கம்போலச் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படிக்கு நேரே வாசலில் நின்றார்.

"ஏட்டி, அந்த லைப்ரரியில டெல்லிக்கு என்ன அர்த்தம்னு போட்டுருக்கான் பாத்துச் சொல்லு."

அந்த அகராதியில் டெல்லி இருக்காது. வேறு புத்தகங்களைத் தேட வேண்டியிருந்தது. மறுநாள் சாயங்காலம் வந்து சொன்னேன். அதே வாசலில், அதே செருப்போடு நின்றிருந்தார். "ரெண்டு விதமாச் சொல்லுதாங்கப்பா. ஒருத்தன் தெஹ்லின்னா வாசப்படிங்கான். இன்னொருத்தன் டீலின்னா ஒழுங்கா ஊணாம ஆடுறதுங்கான். ஏதோ ஒரு தூண் ஆடுச்சாம், அதனால வந்த பேராம். எது சரின்னு யாருக்கும் தெரியல."

அப்பா காலடியில் இருந்த வாசற்படியைக் குனிந்து பார்த்தார்.

"ஆடுறத நீ வச்சுக்க" என்றார். "எனக்கு வாசப்படி போதும்."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்தார். முற்றத்திலிருந்து வீட்டுக்கார அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "மதராஸி ஸாஹப், தெஹ்லீஸ் பர் மத் பைட்டியே, அப்ஷகுன் ஹோதா ஹை" என்று குரல் கொடுத்தார். வாசற்படியில் உட்காரக் கூடாதாம், கெட்ட சகுனமாம்.

அப்பா எழுந்திருக்கவில்லை.